கிராபிக்ஸ் கார்டுக்குச் சந்தனம்

காய்ந்திருக்கும். இந்நேரம் காய்ந்திருக்கும். வெளியே கொடியில் போட்ட வேட்டி ஒரு மணி நேரத்தில் மொறமொறவென்று நிற்கிறது, இரண்டு ஸ்பூன் சந்தனத் தண்ணீர் காயாமல் என்ன செய்யும். ஆனால் வேட்டி வெயிலில் கிடக்கிறது, இது பெட்டிக்குள் கிடக்கிறது. பெட்டி என்றால் என் பையன் சுதனுடைய கம்ப்யூட்டர் பெட்டி, ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி வைத்தது. அந்தக் கண்ணாடியைக் கழற்றிக் கட்டிலில் சாய்த்துவிட்டு டேபிள் ஃபேனை நேரே திருப்பி வைத்திருக்கிறேன். மணி பதினொன்று பத்து. பன்னிரண்டரைக்கு அவன் இன்டர்நெட்டில் லைவ் போடுகிறான். அதற்குள் அப்பாவோடு பட்டறையில் ஆயுத பூஜையை முடித்துவிட்டு வருவான், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவான், சுவிட்சை அமுக்குவான். உள்ளே ஈரம் இருந்தால் அந்த ஒரு அமுக்கில் கார்டு போய்விடும். ஐம்பத்தெட்டாயிரம் ரூபாய் கார்டு. பதினாலு மாசம் சம்பளத்தில் மிச்சம் பிடித்தது. முருகா, மருதமலையானே, அவன் வண்டிச் சத்தம் இன்னும் ஒரு மணி நேரத்துக்கு இந்தத் தெருவில் கேட்கவே கூடாது. இப்படி ஒரு வேண்டுதலை என் வாயால் வேண்டுவேன் என்று நேற்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருப்பேனா. பிள்ளை வீட்டுக்குச் சீக்கிரம் வரட்டும் என்றுதான் இருபத்தேழு வருஷமாக வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

தப்பு எங்கே ஆரம்பித்தது என்று பார்க்கிறேன். காலையில் குளித்து, வாசலில் நின்ற வண்டிக்கு, தையல் மிஷினுக்கு, அரிவாள்மனைக்கு, மிக்ஸிக்கு என்று வரிசையாகப் பொட்டு வைத்துக்கொண்டு வந்தேன். வருஷா வருஷம் சுதன் தன் பெட்டிக்குத் தானே வைப்பான், மேல் தகரத்தில் ஒரே ஒரு பொட்டு. இந்த வருஷம் அவன் அப்பா கீழே நின்று ஹாரன் அடித்த அவசரத்தில் "நீயே வெச்சிரும்மா" என்று சொல்லிவிட்டு ஓடினான். எங்கே என்று அவன் சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை. கேட்டிருக்கலாம். ஜன்னலில் நின்று ஒரு சத்தம் போட்டிருந்தால் போதும். ஆனால் எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். கல்யாணமான முதல் வருஷம் பட்டறைக்குப் போய் லேத் மிஷினின் மூடி மேல் அழகாகப் பொட்டு வைத்தேன், அவர் வந்து பார்த்துவிட்டு, "ஏம்புள்ள, வேலை செய்யற எடத்துல வைக்கோணும், மூடியில வெச்சா மூடிக்குத்தான் புண்ணியம்" என்றார். அன்றிலிருந்து முப்பது வருஷமாக இரும்பைக் கவ்விப் பிடிக்கிற சக்கிலேயே வைக்கிறேன், மோட்டார் மேல் வைக்கிறேன். சுதன் பெட்டியில் வேலை செய்கிற இடம் எது? அவனே ஊருக்கெல்லாம் சொல்கிறானே. வாரா வாரம் கதவைச் சாத்திக்கொண்டு மைக்கில் பேசுவான், கதவுக்கு இந்தப் பக்கம் நான் வெங்காயம் உரித்துக்கொண்டு கேட்பேன். "கேம் விளையாடறதுக்கு வாங்கற கம்ப்யூட்டர்ல உண்மையான வேலைக்காரன் கிராபிக்ஸ் கார்டுதான், மத்ததெல்லாம் அதுக்கு எடுபிடி." சொன்னானா இல்லையா. அதனால்தான் கண்ணாடித் திருகைக் கையாலேயே கழற்றி, உள்ளே செங்கல் மாதிரி படுத்திருந்த அந்தக் கார்டின் முதுகில், கறுப்புத் தகட்டில், மூன்று விரலால் இழுத்தேன். ஃபேன் இருக்கிற பக்கம் தொடவில்லை, அது அடியில் இருந்தது. சந்தனப் பொடி கொஞ்சம்தான் இருந்தது, பன்னீர் கூடிவிட்டது, கரைசல் தண்ணியாக இருந்தது. தகட்டில் நீள நீளமாகக் கீறல் மாதிரி ஓட்டைகள் இருந்ததை நான் கோடு என்று நினைத்திருந்தேன். சந்தனம் வழிந்து அந்தக் கோட்டுக்குப் போய், கோட்டில் நிற்காமல், நான் பார்த்துக்கொண்டே நிற்க உள்ளே இறங்கிப் போயிற்று.

குக்கர் சத்தம் போடுகிறது. கொண்டைக்கடலை. மூன்றா நாலா, எண்ணவில்லை. போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து மறுபடியும் விரலை வைத்துப் பார்க்கிறேன். மேலே காய்ந்திருக்கிறது. துணியால் ஒற்றி ஒற்றி எடுத்தேன், ஒரு மஞ்சள் தடம் கூட இல்லை. மேலே இல்லை என்பதுதான் பயமே. மேலே இருந்தால் தெரியும், உள்ளே என்ன கிடக்கிறது என்று யாருக்குத் தெரியும். மகள் மிருதுளா விட்டுப்போன ஹேர் டிரையர் பீரோவில் இருக்கிறது, எடுத்துக்கொண்டே வந்துவிட்டேன், பிளக்கில் சொருகப் போகும்போது சூடு பட்டால் உள்ளே இருக்கும் பசை உருகும் என்று அவன் யாருக்கோ சொன்னது ஞாபகம் வந்து அப்படியே கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அரிசி டிரம்முக்குள் வைக்கலாமா? தண்ணீரில் விழுந்த செல்போனை எல்லோரும் அரிசியில்தான் வைக்கிறார்கள். ஆனால் கார்டைப் பிடுங்கி எடுக்க எனக்குத் தெரியாது, பெட்டியோடு தூக்கி அரிசிக்குள் வைக்கவா முடியும். இதை நினைத்தால் சிரிப்பு வருகிறது. சிரிப்பு வருகிற நேரமா இது. சஷ்டிக் கவசத்தை ஆரம்பிக்கிறேன், நாலாவது அடியில் ஃபேன் ஒரு பக்கமாக ஆடுகிற மாதிரி தெரிகிறது, நிமிர்த்தி வைக்கிறேன், மறுபடியும் முதலிலிருந்து. எந்த வரியில் விட்டேன் என்று தெரியாமல் போவது எனக்கு இதுவே முதல் தடவை.

இந்த வீட்டில் இருபது வருஷமாக விளையாட்டுப் பெட்டிதான் மாறிக்கொண்டிருக்கிறது. பொருட்காட்சியில் அவன் அப்பா வாங்கிக் கொடுத்த டிவி கேம் முதலில், மஞ்சள் கேசட்டை வாயால் ஊதி ஊதிப் போடுவான், எச்சில் படும், துடைத்துவிட்டுப் போடுவான், அதுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருந்தாலும் அது முந்நூறு ரூபாய்தான். அப்புறம் காலேஜில் சீனியரிடம் பழசாக வாங்கிய கன்சோல், அதன் கைப்பிடியில் குச்சி தேய்ந்துபோய், தொடாமலே உள்ளே இருக்கிற மனுஷன் இடது பக்கமாகவே நடந்துகொண்டிருப்பான், சுவரில் முட்டிக்கொண்டு நிற்பான், எனக்குப் பாவமாக இருக்கும். "கன்சோல்னா பெட்டி மலிவு, கேம் விலை. கம்ப்யூட்டர்னா பெட்டி விலை, கேம் தள்ளுபடியில வரும். உங்க பாக்கெட்டைப் பாத்து முடிவு பண்ணுங்க" என்பான் மைக்கில். "கலர் லைட்டுக்குக் காசு போடாதீங்க, பவர் சப்ளையில கஞ்சத்தனம் பண்ணாதீங்க, வீட்டுக்கு வயரிங் மட்டமாப் போட்டுட்டு சரவிளக்குத் தொங்கவிடுவீங்களா?" நல்லாத்தான் பேசுகிறான். பம்ப் கம்பெனியில் நாள் முழுக்கப் படம் வரைந்துவிட்டு வந்து அந்த மைக் முன்னால் உட்கார்ந்தால்தான் அவன் முகத்தில் வெளிச்சம் வரும். இந்தக் கார்டு வந்த அன்றைக்கு அவன் அப்பா அட்டைப்பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்தக் காசுக்கு நல்ல ட்ரில்லிங் மிஷினே வாங்கலாம்" என்றார். சுதன் விடுவானா, "உங்க ட்ரில்லிங் மிஷின்ல லாரி ஓட்ட முடியுங்களாப்பா? அம்மா ஓட்டறாங்க" என்றான். அவர் என்னைப் பார்த்தார். நான் முந்தானையால் வாயை மூடிக்கொண்டேன்.

ஓட்டுகிறேன், உண்மைதான். அவனுக்குப் பிடித்தது கத்தி வைத்துக்கொண்டு பூதங்களோடு சண்டை போட்டு நூறு தடவை சாகிறது. எனக்கு அதெல்லாம் ஆகாது. எனக்கு லாரி. ஏதோ வெள்ளைக்கார ஊர், பெரிய லாரியில் சரக்கு ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போக வேண்டும், அவ்வளவுதான், யாரையும் சுட வேண்டாம், யாரும் திட்ட மாட்டார்கள். மத்தியானம் பாத்திரம் கழுவிவிட்டு ஒரு மணி நேரம். பழைய கார்டில் மரமெல்லாம் லாரி பக்கத்தில் போன பிறகு திடீர் திடீரென்று முளைக்கும், பூமிக்குள்ளிருந்து யாரோ தள்ளிவிட்ட மாதிரி, நான் ஒவ்வொரு தடவையும் திடுக்கிட்டு பிரேக் அடிப்பேன். புதுக் கார்டு போட்ட அன்றைக்கு மேட்டில் ஏறி வளைந்தேன், தூரத்து மலை முழுசும் முன்னமே தெரிந்தது, அதன் மேல் மேகம் போகிற நிழல்கூடத் தெரிந்தது. லாரியை ஓரம் கட்டி நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். "ஏம்மா நிறுத்திட்ட, டெலிவரிக்கு நேரமாச்சு" என்றான் பின்னால் நின்று. கோயம்புத்தூரை விட்டால் பழனி, திருச்செந்தூர், மகளைக் கட்டிக் கொடுத்த ஓசூர், இதைத் தாண்டி நான் எங்கே போனேன். அந்த மலையைக் காட்டிய கார்டுக்குக் கும்பிடு போட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது தப்பா. நன்றிக்குத்தானே வைத்தேன். நன்றிக்கு வைத்த சந்தனம்தான் உள்ளே போய் உட்கார்ந்திருக்கிறது.

போன். சுதனோ என்று எடுத்துப் பார்த்தேன், மிருதுளா. "என்னம்மா, சுண்டல் ஆச்சா?" "ஆச்சு கண்ணு, தாளிச்சிட்டு இருக்கேன்." பொய். கையில் கரண்டி இல்லை, ஹேர் டிரையர் இருக்கிறது. "பின்னாடி என்ன சத்தம், காத்தாட்டம்?" "ஃபேன்." "சமையல்கட்டுல எப்ப ஃபேன் போட்டீங்க?" இவள் சின்ன வயசிலிருந்தே இப்படித்தான், நூல் பிடித்துக்கொண்டே வருவாள். "தம்பி என்ன பண்றான், அந்த டப்பாவுக்கு மாலை போட்டானா? எனக்கு வளைகாப்புக்குப் புடவை எடுக்கறப்பக்கூட அவ்வளவு கடை ஏறலைம்மா, அந்த ஒரு கார்டுக்கு எத்தனை கடை ஏறுனான்!" என்று சிரித்தாள். சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. இவளிடம் சொன்னால் பாரம் குறையும். ஆனால் அவள் அடுத்த நிமிஷம் அவனுக்குப் போன் போடுவாள், அவன் பட்டறையிலிருந்து பறந்து வருவான். "அடுப்புல தீயுது, வைக்கறேன்" என்றேன். அடுப்பு அணைந்து கால் மணி நேரம் ஆயிற்று. ஒரு பொய்க்கு இன்னொரு பொய் துணை கேட்கிறது.

பெரிய பொய் இன்னும் பாக்கி இருக்கிறது, அதன் பக்கத்தில் போகாமல் சுற்றிச் சுற்றி வருகிறேன். போய்த்தான் ஆக வேண்டும். நான் சொல்லாமல் விட்டால்? காய்ந்திருந்தால் ஓடிவிடும், யாருக்கும் தெரியாது. காயாமல் புகைந்துபோனாலும், அவன் என்ன நினைப்பான், கார்டு சரியில்லை என்று நினைப்பான். மூன்று வருஷம் வாரண்டி. கடையில் கொண்டுபோய்க் கொடுப்பான், மாற்றிக் கொடுப்பார்கள். சொன்னால்? போன மாசம் எவனோ ஒருவன் கார்டில் காப்பியைக் கொட்டிவிட்டு இவனிடம் யோசனை கேட்டான், கடையில் கொட்டினதைச் சொல்லாமல் மாற்றிக்கொள்ளலாமா என்று. சுதன் போனிலேயே அவனைக் காய்ச்சி எடுத்துவிட்டான். "நீங்க பொய் சொல்லி ஒண்ணு மாத்துவீங்க, அடுத்தாப்புல உண்மையாவே கெட்டுப்போனத கொண்டுட்டுப் போறவனைக் கடைக்காரன் திருடனாப் பாப்பான். தண்ணி பட்டா வாரண்டி கெடையாது, அவ்வளவுதான்." எனக்குப் பெருமையாக இருந்தது, அன்றைக்கு அவனுக்கு இரண்டு தோசை கூடச் சுட்டேன். இப்போது அந்தப் பெருமைதான் கழுத்தைப் பிடிக்கிறது. நான் சொல்லிவிட்டால் அவன் கடையில் பொய் சொல்ல மாட்டான், ஐம்பத்தெட்டாயிரம் போனது போனதுதான். நான் சொல்லாவிட்டால் அவன் சுத்தமான மனசோடு போய் நிற்பான், தெரியாமல் நிற்பான், பாவம் அவனுக்கு இல்லை, எனக்கு மட்டும். ஒரு தாய் பிள்ளைக்காக ஒரு பாவத்தை வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாதா. முருகா, நீ சொல்லு. இல்லை, நீ சொல்ல வேண்டாம், நீ என்ன சொல்லுவாய் என்று தெரியும். வாசம் வேறு. பழைய கார்டு வாங்கும்போது மோந்து பாருங்கள், கருகல் வாடை வந்தால் வாங்காதீர்கள் என்பான், இதை மோந்தால் சந்தனம் மணக்கும். இன்றைக்கு வீடே மணக்கிறது, தெரியாது. நாளைக்கு? கடைக்காரன் மூக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தால்?

ஒரு வழி இருக்கிறது. பூஜையில் வைத்த ஆயுதத்தை அன்றைக்கு எடுக்கக் கூடாது, மறுநாள்தான் எடுக்க வேண்டும். இந்தப் பேச்சை வருஷா வருஷம் நான் எடுப்பேன், வருஷா வருஷம் அவன் "அப்ப ஃப்ரிட்ஜை ஆஃப் பண்ணு, அதும் ஆயுதந்தான், பாலு கெடட்டும்" என்பான், நான் தோற்றுப்போவேன். இன்றைக்கு விடக் கூடாது. நாளை வரைக்கும் காய்ந்தால் தானாகக் காய்ந்துவிடும். சொல்லவும் வேண்டாம், கெடவும் வேண்டாம். சாமி பேரைச் சொல்லி ஏமாற்றுகிறோமே என்று ஒரு பக்கம் குத்துகிறது, சாமி பேரில் உண்மையைத்தானே சொல்கிறேன், எடுக்கக் கூடாது என்பது உண்மைதானே என்று இன்னொரு பக்கம் நான்தான் சொல்கிறேன். வண்டிச் சத்தம். இல்லை, எதிர் வீடு. இல்லை. அவன்தான், அந்த சைலன்ஸர் இருமல் அவன் வண்டிதான். பதினொன்று ஐம்பது. கண்ணாடியைத் தூக்கி வைக்கிறேன், ஒரு திருகு உருண்டு கட்டிலடியில் போகிறது, குனிந்து தேடி எடுத்து முறுக்கி, ஃபேனை ஹாலுக்குத் தூக்கி, ஹேர் டிரையரைத் தலையணைக்கு அடியில் வைத்து, படி ஏறும் சத்தம் கேட்பதற்குள் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

"அம்மா, பசி. பொரி குடு" என்று வந்தான். நெற்றி நிறைய விபூதி, சட்டையில் கிரீஸ். "அப்பா எங்க?" என்றேன். "ஆளுங்களுக்கு டீ சொல்லிட்டு வர்றாரு. லேத்துக்கு மாலை போடறாரு பாரு, சுருக்கம் எடுத்து, நேராப் புடிச்சு... கல்யாணத்தன்னைக்கு உனக்குக்கூட இவ்வளவு பாத்துப் போட்டிருக்க மாட்டாரும்மா." சிரிக்க வேண்டிய இடம். சிரித்தேன். அவன் பொரியை வாயில் அள்ளிப் போட்டுக்கொண்டு அறைக்குள் போனான், நான் பின்னாலேயே போனேன், நாற்காலியை இழுத்தான், கை சுவிட்சுப் பக்கம் போயிற்று. "கண்ணு, இன்னைக்கு வேண்டாம். பூஜையில இருக்குது. நாளைக்கு எடுத்துக்க." என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. ஃப்ரிட்ஜ் பேச்சு வரும் என்று காத்திருந்தேன். அதற்குப் பதில்கூட யோசித்து வைத்திருந்தேன். அவன் திரும்பி என்னைப் பார்த்தான். "லைவ் இருக்குதேம்மா, எல்லாம் காத்துட்டு இருப்பாங்க." "நாளைக்குப் போடு சாமி." என் முகத்தில் என்னத்தைப் பார்த்தானோ, கையை எடுத்துவிட்டான். "சரி" என்றான். அவ்வளவுதான். ஃப்ரிட்ஜ் இல்லை, பால் இல்லை, சண்டை இல்லை. போனை எடுத்து வாய்க்குப் பக்கத்தில் வைத்துக் குரல் பதிவு பண்ணினான்: "நண்பர்களே, மன்னிக்கோணும், இன்னைக்கு லைவ் இல்ல, நாளைக்கு. எங்கம்மா கம்ப்யூட்டரைப் பூஜையில வெச்சிருக்காங்க. எங்கம்மா என்கிட்ட எதுவும் கேக்கறவங்க இல்ல, கேட்டா அதுல ஒரு காரணம் இருக்கும்." அனுப்பிவிட்டு இன்னொரு பிடி பொரி எடுத்தான்.

காரணம் இருக்கிறது. நான் வாசல்படியில் நின்றேன். ஜெயித்தாயிற்று, போய்ச் சுண்டல் தாளிக்க வேண்டியதுதான், கால் நகரவில்லை. அவன் சண்டை போட்டிருந்தால் என்னால் இந்தப் பொய்யைக் கட்டிக் காப்பாற்றியிருக்க முடியும். "சுதா." "ம்." "உள்ள வெச்சுட்டேன்." "எத?" "சந்தனத்த. கார்டு மேல. தண்ணியா இருந்துச்சு, அந்தக் கோடு வழியா உள்ள போயிருச்சு. பத்தரைக்கு." பொரித் தட்டை மெதுவாகக் கீழே வைத்தான். "ஆன் பண்ணுனயா?" "இல்ல. சத்தியமா இல்ல." முதலில் சுவரில் இருந்த பிளக்கைப் பிடுங்கினான், அப்புறம் கண்ணாடியை, அப்புறம் எங்கேயோ ஒரு கொக்கியை அமுக்கிக் கார்டையே வெளியே எடுத்தான். போன் லைட்டை அடித்து அந்தக் கோடுகளுக்குள் பார்த்தான், குனிந்து பார்த்தான், மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனான். திட்டு கண்ணு, திட்டிவிடு. "தகட்டைக் கழட்டுனாத்தான் உள்ள தொடைக்க முடியும்" என்றான். "மூடி கெடந்தா நாளைக்கு இல்ல, மூணு நாளானாலும் காயாது." "கழட்டேன்." அவன் கார்டின் முதுகில் ஒரு திருகைக் காட்டினான். அதன் தலை மேல் பொட்டு அளவுக்கு ஒரு வெள்ளை ஸ்டிக்கர். "இது கிழிஞ்சா வாரண்டி போச்சு. கழட்டித் தொடைச்சாலும் ஓடும்னு நிச்சயம் இல்ல. கழட்டாம அப்படியே போட்டு, புகைஞ்சா, ஓடலைன்னு கடையில குடுத்தா புதுசு குடுத்துருவாங்க." லைட் அவன் தாடைக்குக் கீழே அடித்தது, முகம் தெரியவில்லை. "நீ சொல்லாம இருந்திருந்தா அதுதான் நடந்திருக்கும். இப்ப ரெண்டு பேருக்கும் தெரியும். என்ன பண்ணட்டும்?"

அவன் கேட்கிறான். அவன், என்னிடம். ஊருக்கெல்லாம் சொல்கிறவனுக்குப் பதில் தெரியாமல் இல்லை, தெரிந்துகொண்டே கேட்கிறான், கழட்ட வேண்டாம் என்று நான் சொல்லிவிட மாட்டேனா என்று கேட்கிறான், என் வயிற்றில் பிறந்தவன் வேறு எப்படி இருப்பான், காலையிலிருந்து நானும் இதே இடத்தில்தானே சுற்றிக்கொண்டிருக்கிறேன். வேண்டாம் என்று ஒரு தலையாட்டு ஆட்டினால் போதும். பதினாலு மாசம். பெட்ரோல் மிச்சம் என்று வண்டியை விட்டுவிட்டு பஸ்ஸில் போய், மழையில் நனைந்து வந்து நிற்பான், ஏன் கண்ணு ஆட்டோ பிடிக்கலை என்றால், கார்டு வாங்கோணும்மா என்பான். மேசை மேல் கிடந்த ஸ்க்ரூடிரைவரை எடுத்து அவன் கையில் கொடுத்தேன். அதன் பிடியிலும் காலையில் நான் வைத்த பொட்டு இருந்தது. "கழட்டு" என்றேன். அவன் நுனியை ஸ்டிக்கருக்கு நடுவில் வைத்து அழுத்தினான். பெரிய சத்தம் ஒன்றும் வரவில்லை, காகிதம் கிழிகிற சத்தம்கூட இல்லை, திருகு மட்டும் ஒரு தடவை கிறீச்சென்றது. ஒன்று, இரண்டு, நாலு, ஏழு திருகு. ஒவ்வொன்றையும் என் உள்ளங்கையில் போட்டான், நான் மூடாமல் ஏந்திக்கொண்டு நின்றேன். தகட்டை நகத்தால் நெம்பித் தூக்கினான். உள்ளே சின்னச் சின்ன வெள்ளிப் புள்ளிகளுக்கு நடுவே மஞ்சளாக, குளமாக, பத்தரைக்கு நான் விட்டது விட்டபடி நின்றுகொண்டிருந்தது. "துணி குடும்மா" என்றான். "காஞ்ச துணி."